செல்லாத வெள்ளி

பேரேரிக் கரையில் மதகம்மை என்றொரு துறவி இருந்தாள். பனையோலை வேய்ந்த மடம். காலையில் வருகிறவர்களுக்குக் கஞ்சி உண்டு. கேள்வியோடு வருகிறவர்களும் உண்டு. அம்மை சில நேரம் பதில் சொல்வாள். பல நேரம் கஞ்சி ஊற்றுவாள்.

அவளுடைய சீடர்களில் மூத்தவர் சேந்தர். வயதில் அவளையும்விட மூத்தவர். ஏரிப் பாசனத்தின் கடைசி ஊரான ஆலடிக்குடியில் உழுதவர். மனைவி இறந்ததும் நிலத்தை மகள் பேச்சியிடம் விட்டுவிட்டு, மனம் அடங்க வேண்டும் என்று மடத்துக்கு வந்தார். வருஷங்கள் போயின. மனம் அடங்கவில்லை. விறகு பிளப்பதில் மட்டும் கை நன்றாகப் பழகிவிட்டது.

அந்த வருஷம் மழை பொய்த்தது. ஊர்க் கிணறுகள் வற்றின. ஏரியில் மட்டும் தண்ணீர் இருந்தது, ஏனென்றால் மதகு மூடியிருந்தது.

அரசர் மூடச் சொல்லியிருந்தார். விழா வரப்போகிறது என்று காரணம் சொன்னார்கள்.

முப்பது வருஷத்துக்கு முன்பு பழைய அரசன் ஒருவன் இதே மதகைப் பூட்டி வைத்தான். பயிர் கருகியது. சனங்கள் வந்து மதகில் கை வைத்தார்கள். வில்வீரர்கள் அம்பு விட்டார்கள். கரையிலேயே பலர் செத்தார்கள். மறுநாள் சனங்கள் திரண்டு வந்தார்கள். அதற்கு மறுநாளும் வந்தார்கள். மதகு திறந்தது, பழைய அரசன் ஓடிப்போனான், புதிதாக ஒருவர் அரியணை ஏறினார். இப்போதைய அரசர் அவருடைய மகன்.

அந்த எழுச்சியை நினைவுகூர்ந்து தெப்பத் திருவிழா நடத்த அரசர் விரும்பினார். தெப்பம் மிதக்க வேண்டுமென்றால் ஏரி நிறைந்திருக்க வேண்டும்.

ஆலடிக்குடிக்காரர்கள் மனுக் கொடுத்தார்கள். பதில் வரவில்லை. நாற்று மஞ்சளாகி நுனி கருகத் தொடங்கியதும் பேச்சி ஒரு கடப்பாரையை எடுத்துக்கொண்டு மதகுக்குப் போனாள். பட்டப்பகல். காவலர்கள் சோறு தின்னப் போயிருந்தார்கள். சங்கிலியை நெம்பி உடைத்துப் பலகையைத் தூக்கினாள். பலகையைத் தாங்கும் முளை உடைந்துபோயிருந்ததால் அது மேலே நிற்கவில்லை. அவள் தோளைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டாள்.

தண்ணீர் ஓடியது. ஊர் சனங்கள் மண்வெட்டியோடு ஆளுக்கொரு வயலுக்கு ஓடினார்கள். காவலர்கள் திரும்பி வந்தபோது மதகில் பேச்சி ஒருத்திதான் நின்றாள். ஓடியிருக்கலாம். தோளை எடுத்தால் பலகை விழுந்துவிடும்.

அவளைச் சிறையில் போட்டார்கள். அரசரின் மதகில் கை வைத்தவருக்கு உயிர் இல்லை என்பது பழைய அரசன் போட்ட சட்டம். அதை யாரும் நீக்கவில்லை.

சேதி மடத்துக்கு வந்தபோது சேந்தர் விறகு பிளந்துகொண்டிருந்தார். கேட்டுவிட்டுத் தொடர்ந்து பிளந்தார். அன்று பிளந்த விறகு மழைக்காலம் முழுக்கப் போதும்.

அடுத்த வாரம் அரண்மனை அதிகாரி ஒருவர் மடத்துக்கு வந்தார். பின்னால் ஒருவன் பட்டு விரித்த தாம்பாளத்தைச் சுமந்து வந்தான். தாம்பாளத்தில் ஒரு வெள்ளி நாணயம்.

"எழுச்சியின் நினைவாக அரசர் அடித்தது. முதல் நாணயம் உங்களுக்கு, தாயே," என்றார் அதிகாரி. "அன்று மதகுப் பலகையைத் தூக்கியவர்களில் உயிரோடு இருப்பவர் நீங்கள் ஒருவர்தான்."

அம்மை இடது கையை நீட்டினாள். அந்தக் கையில் கட்டை விரலும் சுட்டு விரலும் மட்டுமே இருந்தன. மற்ற மூன்றும் அன்று மதகுப் பலகை விழுந்ததில் போனவை. அவள் அதைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை.

நாணயத்தின் ஒரு பக்கம் அரசர் முகம். மறுபக்கம் மதகுப் பலகையைத் தூக்கிப் பிடித்த ஒரு முறுக்கேறிய கை. சுற்றிலும், 'மக்கள் எழுந்த நாள்' என்ற எழுத்து.

"ஆம்பளைக் கையா இருக்கே," என்றாள் அம்மை.

"சிற்பியின் கற்பனை, தாயே."

"ஆம்பளைங்கள்ல நிறையப் பேரைக் கோட்டை வேலைக்குப் பிடிச்சிட்டுப் போயிருந்தாங்க. அன்னைக்கு வந்ததுல பாதிக்கு மேல பொம்பளைங்க."

அதிகாரி சிரித்தபடி கும்பிட்டுவிட்டுப் போனார்.

சேந்தர் அடுப்படியிலிருந்து வந்து நின்றார். அம்மை நாணயத்தை அவரிடம் கொடுத்தாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தாயே, அன்னைக்கு நான் ஊர்லதான் இருந்தேன். எங்க ஊரு கடைமடை. மதகு திறந்த சேதி எங்களுக்கு ஆள் மூலமா வரல. தண்ணியாத்தான் வந்துச்சு. ஓடிப் போய்க் கையில அள்ளிக் குடிச்சோம்."

அம்மை கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்தத் தண்ணியில விளைஞ்ச நெல்லைத் தின்னுதான் எனக்குக் கல்யாணம் ஆச்சு. பேச்சி பொறந்தா." அவர் நாணயத்தை உயர்த்திக் காட்டினார். "இதுல இருக்கிற கை செஞ்சதைத்தானே அவளும் செஞ்சா? இதைக் கொண்டுபோய் ராஜா முன்னாடி வெச்சா, இது பேசுமா?"

"தெரியல."

"உங்களுக்குமா தெரியல?"

"போய்க் கேட்டுப் பாப்போம், வாரும்," என்று அம்மை எழுந்தாள்.

இருவரும் தலைநகருக்கு நடந்தார்கள். வழியில் சேந்தர் கேட்டார்:

"வீட்டை விட்டேன், நிலத்தை விட்டேன், மகளையும் விட்டேன்னு நினைச்சேன். இப்போ நெஞ்சு இப்படி அடிக்குது. இத்தனை வருஷம் நான் உங்ககிட்ட இருந்தது எதுக்கு?"

"விறகு பிளந்தீரு," என்றாள் அம்மை. "நாலு பேரு கஞ்சி குடிச்சாங்க."

அவருக்கு அது ஆறுதலாக இல்லை. அவள் ஆறுதலாகச் சொன்னதாகவும் தெரியவில்லை.

முதலில் சிறைக்குப் போனார்கள். நாணயம் பெற்ற மதகம்மை என்பதால் காவலன் கதவைத் திறந்துவிட்டான்.

பேச்சி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பலகை தாங்கிய தோள் வீங்கிக் கறுத்திருந்தது. தகப்பனைப் பார்த்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி:

"அப்பா, கடைமடைக்குத் தண்ணி போச்சா?"

சேந்தருக்குத் தெரியாது. அவர் போய்ப் பார்க்கவில்லை. வாய் வரைக்கும் ஒரு பொய் வந்தது. அதைச் சொல்வதற்குள், கஞ்சிக்கு வந்தவர்களிடம் கேட்டு வைத்திருந்த அம்மை சொல்லிவிட்டாள்.

"போகலை, பேச்சி. பாதியில அடைச்சிட்டாங்க."

சேந்தர் அம்மையை வெறித்துப் பார்த்தார்.

பேச்சி கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தாள். "எதுவரைக்கும் போச்சு?"

"வண்ணான்துறை வாய்க்கால் வரைக்கும்."

"அப்போ எங்க வயலுக்கு வரலை." அவள் விரல் மடக்கி எதையோ நினைத்துப் பார்த்தாள். "கருப்பாயி அத்தை வயல் நனைஞ்சிருக்கும். அவளுக்குப் பரவாயில்லை. அவ வீட்டுல புள்ளைங்க நிறைய."

பிறகு தகப்பனிடம் திரும்பினாள். "வெள்ளாடு சினையா இருக்குப்பா. நான் வரப்போ கட்டிப் போட்டுட்டு வந்தேன். அவுத்துவிடச் சொல்லி யார்கிட்டயாவது சொல்லணும்."

"சொல்றேன்."

"நீங்க எப்படி வந்தீங்க? மடத்தை விட்டு வரக்கூடாதுன்னுல்ல சொல்லுவீங்க."

அதில் குத்தல் இருந்ததா என்று சேந்தருக்கு விளங்கவில்லை. "ராஜாவைப் பாத்துப் பேசப் போறோம்," என்றார். நாணயத்தைக் காட்டினார்.

பேச்சி அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "கை நல்லா இருக்கு," என்றாள். "ஆனா பலகையை இப்படிப் பிடிக்க முடியாதுப்பா. வழுக்கும்."

திருப்பிக் கொடுத்தாள்.

வெளியே வந்ததும் சேந்தர் அம்மையிடம் கோபப்பட்டார். இத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

"போச்சுன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன தாயே? அந்தப் பொய்யைத் தின்னுக்கிட்டு அவ நாலு நாள் நிம்மதியா இருந்திருப்பாளே!"

"ஆமா. இருந்திருப்பா."

"பின்ன ஏன் சொன்னீங்க?"

"அவ கேட்டா," என்றாள் அம்மை. அவள் முகம் வெளிறியிருந்தது.

அரசர் அவர்களைக் காக்க வைக்கவில்லை. கெட்டவர் என்று அவரைச் சொல்ல முடியாது. அம்மையைக் கண்டதும் இருக்கையை விட்டு இறங்கி வந்து வணங்கினார்.

சேந்தர் தரையில் விழுந்து, நாணயத்தை அவர் காலடியில் வைத்தார்.

"மகாராஜா, இதுல இருக்கிறவங்க செஞ்சதைத்தான் எம்மகளும் செஞ்சா. அவளை விட்டுடுங்க."

அரசர் குனிந்து அவரை எழுப்பினார்.

"பெரியவரே, அன்று மதகைத் திறந்தவர்களால்தான் நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். அதை ஒருநாளும் நான் மறந்ததில்லை."

"அப்போ விட்டுடுங்க."

"அதனால்தான் விட முடியவில்லை." அரசர் நிதானமாகப் பேசினார். "அன்று ஆட்சி செய்தவன் கொடுங்கோலன். அவனுடைய மதகை உடைத்தது எழுச்சி. இன்று நடப்பது அந்த மக்கள் ஏற்படுத்திய ஆட்சி. இந்த மதகை உடைப்பது குற்றம். இரண்டும் ஒன்று என்று நான் சொன்னால், அவனும் நானும் ஒன்று என்று ஆகிவிடும்."

"நாத்துக்கு ரெண்டும் ஒண்ணுதான், ராஜா," என்றாள் அம்மை.

அரசரின் முகம் சிவந்து அடங்கியது. "விழா முடிந்ததும் நானே திறக்கச் சொல்லியிருப்பேன். கொஞ்சம் பொறுத்திருக்கலாம்."

"அவ பொறுத்தா. நாத்து பொறுக்கலை."

பிறகு அம்மை கேட்டாள்:

"அன்னைக்குக் கரையில செத்தவங்களைப் பழைய ராஜா என்னன்னு சொன்னான்?"

"கலகக்காரர்கள் என்று."

"நீங்க என்னன்னு சொல்றீங்க?"

"தியாகிகள்."

"பேச்சிக்கும் ஒரு நாள் நாணயம் அடிப்பீங்களா?"

அரசர் யோசித்தார். பொய் சொல்லிப் பழகாதவர் அவர்.

"நான் அடிக்க மாட்டேன், தாயே," என்றார் மெதுவாக. "என் பேரன் அடிக்கலாம்."

சேந்தருக்கு அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. அரசரின் உதடு அசைவது மட்டும் தெரிந்தது. விழா நாளில் யாரையும் கொல்லும் வழக்கம் இல்லை என்றும், மறுநாள் காலையில்தான் தண்டனை என்றும், உடலை வீட்டாரிடமே கொடுத்துவிடச் சொல்கிறேன் என்றும் அரசர் சொன்னதாக அம்மை பிறகு சொன்னாள்.

அவர்கள் கிளம்பியபோது அரசர் காலடியில் கிடந்த நாணயத்தை எடுத்து, இரண்டு கைகளாலும் சேந்தரிடம் நீட்டினார்.

"கொடுத்த மரியாதையைத் திரும்ப வாங்கும் வழக்கம் எங்களிடம் இல்லை."

விழா நாளில் ஏரிக்கரை முழுக்கச் சனம். தெப்பம் மின்னிக்கொண்டு மிதந்தது. அரசர் தெப்பத்தில் நின்று வெள்ளி நாணயங்களை அள்ளிக் கரையில் வீசினார். அதைப் பிடிக்க ஆட்கள் விழுந்து எழுந்தார்கள். ஒரு கிழவரின் விரலை யாரோ மிதித்துவிட, அவர் மிதித்தவன் காலைப் பிடித்துக் கடித்தார்.

அந்தக் கூட்டத்தில் ஆலடிக்குடிக்காரர்களும் இருந்தார்கள். சேந்தர் ஊர்த்தலைவர் சுடலையாண்டியைக் கண்டுபிடித்து ஓரமாக இழுத்தார்.

"நாளைக்குக் காலையில மதகுப் பக்கத்துல தூக்குப் போடப் போறாங்க. எல்லாரும் வாங்க சுடலை. எதுத்து ஒண்ணும் செய்ய வேண்டாம். சும்மா வந்து நில்லுங்க. இத்தனை சனம் நின்னா ஒருவேளை ராஜா மனசு மாறும்."

சுடலையாண்டி எங்கோ பார்த்தார். "அண்ணே, எங்களைக் கேட்டுக்கிட்டா அவ மதகுக்குப் போனா?"

"உங்களுக்காகத்தானே போனா."

"பாதி வயல் நனைஞ்சுது. நனைஞ்சவன், விசாரணைக்குக் கூப்பிடுவாங்களோன்னு வாயைத் திறக்க மாட்டேங்கிறான். நனையாதவன், அவளால வந்த வினைன்னு திட்டுறான். தண்டம் வேற போடப் போறாங்களாம். இப்போ நான் போய் எவனைக் கூப்பிட?"

"கருப்பாயி வருவா."

"அவதான் முதல்ல வீட்டைப் பூட்டிக்கிட்டு அண்ணன் ஊருக்குப் போனவ."

சுடலையாண்டியின் மூடிய கைக்குள் ஏதோ இருந்தது. சேந்தர் பார்ப்பதைக் கண்டதும் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"அவுத்துவிட்டாச்சு அண்ணே, ஆட்டை," என்றார். "ரெண்டு குட்டி."

சேந்தர் தலையை ஆட்டினார். அம்மை நின்ற இடத்துக்குத் திரும்பி வந்தார்.

"அன்னைக்கு உங்க கூட அத்தனை சனம் எப்படி வந்துச்சு தாயே?"

"முதல் நாள் யாரும் வரலை," என்றாள் அம்மை. "முதல் நாள் போனவங்க ஒன்பது பேரு. அவங்க பேரு எனக்கே மறந்துபோச்சு."

மாலையில் சிறைக் காவலன் வந்து, காலையில் வரும்போது துணி ஒன்று கொண்டு வரச் சொன்னான். எதற்கு என்று சொல்லவில்லை. சேந்தர் கடைவீதிக்குப் போனார். அவரிடம் காசு இல்லை. துறவியின் மடிதானே. நாணயத்தைத் துணிக்கடைக்காரர் முன்னால் வைத்தார்.

"இது செல்லாதுங்களே," என்றார் கடைக்காரர். "இது புழங்குற காசு இல்லை. வீட்டுல வெச்சுப் பாக்கறதுக்கு."

"வெள்ளிதானேய்யா. உருக்கிக்குங்க."

"ராஜா முகம் இருக்கு. உருக்கினா என்னையே உருக்கிடுவாங்க." கடைக்காரர் அவருடைய முகத்தைப் பார்த்தார். "யாருக்குத் துணி?"

"எம்மகளுக்கு."

"கல்யாணமா?"

சேந்தர் நாணயத்தை எடுத்து மடியில் முடிந்துகொண்டார். கடைக்காரருக்குப் புரிந்துவிட்டது. ஊர் முழுக்க அந்தப் பேச்சுத்தான். அவர் உள்ளே போய் ஒரு சேலையை எடுத்து வந்தார். மஞ்சள் நிறம், சிவப்புக் கரை. மடித்துத் தன் துண்டுக்குள் சுற்றிக் கொடுத்தார்.

"கொண்டுபோங்க. எங்க வாங்கினதுன்னு மட்டும் யாருகிட்டயும் சொல்லிடாதீங்க."

காலையில் அவர்கள் இருவர்தான் வந்திருந்தார்கள். மதகின் பக்கத்தில் ஒரு புளியமரம். ஏரியில் முந்தைய நாள் மாலைகள் மிதந்தன. தெப்பத்தின் ஒரு பக்கம் சரிந்து தண்ணீர் ஏறியிருந்தது.

பேச்சியைக் கூட்டி வந்தார்கள். அவள் சுற்றிலும் பார்த்தாள். கரையின் அந்த முனைவரை பார்த்தாள். பிறகு தகப்பனைப் பார்த்தாள்.

"யாரும் வரலையாப்பா?"

சேந்தரின் நாக்கு அசையவில்லை. இந்தத் தடவை அம்மையும் வாய் திறக்கவில்லை.

"காலையில எல்லாருக்கும் வேலை இருக்கும்," என்றாள் பேச்சி.

மரத்தடிக்கு வந்ததும் அவள் நின்றுவிட்டாள். "அப்பா, பயமா இருக்கு," என்றாள். சின்ன வயதில் இடி இடிக்கும்போது சொல்லும் அதே குரல். சேந்தர் முன்னால் ஓடினார். இரண்டு காவலர்கள் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். அம்மை தடுக்கப்படவில்லை. அவள் நாணயம் பெற்றவள். நேரே போய்ப் பேச்சியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர்கள் விடச் சொல்லும்வரை பிடித்துக்கொண்டிருந்தாள். விடச் சொன்ன பிறகும் பிடித்திருந்தாள். பிறகு அவளையும் விலக்கினார்கள்.

எல்லாம் சீக்கிரம் முடிந்துவிட்டது.

வெட்டியான் ஒருவன் கரைக்குப் பின்னாலிருந்த மேட்டில் குழி வெட்டி வைத்திருந்தான். சேந்தரும் அம்மையும் பேச்சிக்குப் புதுச் சேலையைப் போர்த்தினார்கள். சேந்தர் அழவில்லை. சேலையின் கரை நேராக இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துச் சரிசெய்தார்.

"நெத்தியில வைக்கக் காசு இருக்குங்களா?" என்று வெட்டியான் கேட்டான். "சும்மா அனுப்பக் கூடாது."

சேந்தர் மடியைத் துழாவினார். அந்த ஒரு நாணயம்தான் இருந்தது. எடுத்து மகளின் நெற்றியில் வைத்தார். அரசரின் முகம் மேலே பார்த்தது. அதை எடுத்துத் திருப்பி வைத்தார். பலகையைத் தூக்கும் கை மேலே பார்த்தது. அதையும் எடுத்தார். எப்படி வைப்பதென்று தெரியாமல் நாணயத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அம்மை இரண்டு விரலால் அதை எடுத்துக் கீழே வைத்தாள். பேச்சியின் நெற்றியைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"சும்மாவே போகட்டும்," என்றாள்.

வெட்டியான் மண்ணைத் தள்ளினான். மண்வெட்டி அந்த நாணயத்தையும் மண்ணோடு சேர்த்துத் தள்ளியது. அவன் பார்த்தான், ஆனால் எடுக்கவில்லை. செல்லாது என்று அவனுக்கும் தெரியும்.

அவர்கள் கரை வழியாகத் திரும்பி நடந்தபோது பறை கேட்டது. மதகில் அதிகாரிகள் நின்றார்கள். புதிய சங்கிலியைக் கழற்றி, புதிய முளையைப் பொருத்தி, பலகையைத் தூக்கினார்கள். தண்ணீர் இரைச்சலோடு வாய்க்காலில் பாய்ந்தது.

"விழா இனிதே முடிந்தது! மக்களின் துயர் கண்டு மன்னர் மதகைத் திறந்துவிட்டார்!" என்று பறையடிப்பவன் கூவினான்.

வாய்க்கால் ஓரமெல்லாம் சனம் கூடியது. மண்வெட்டிகள் வந்தன. சுடலையாண்டியும் ஓடி வந்தார். சேந்தரைக் கண்டதும் நின்றார். பிறகு வேறு பக்கமாக இறங்கித் தண்ணீரின் முன்னால் ஓடினார். யாரோ, "மகாராஜா வாழ்க!" என்றார்கள். பல குரல்கள் அதைத் திருப்பிச் சொல்லின. கடைமடையில் நாற்று கருகி முடிந்திருந்தது. இருந்தாலும் ஓடினார்கள்.

சேந்தர் வாய்க்கால் கரையில் உட்கார்ந்தார். அம்மை பக்கத்தில் உட்கார்ந்தாள். தண்ணீர் அவர்கள் காலுக்குக் கீழே போய்க்கொண்டே இருந்தது.

வெயில் ஏறியது. சேந்தர் பேசினார்.

"தாயே, பெண்சாதி செத்தப்போ உங்ககிட்ட வந்தேன். எதுக்கும் ஒரு அர்த்தம் இருக்கும், பொறுமையா இருந்தா விளங்கும்னு நினைச்சேன். உங்ககிட்ட எது கேட்டாலும் எனக்கு ஏதோ ஒண்ணு கிடைச்சுது. சில நாள் உடனே கிடைக்கும். சில நாள் வருஷம் கழிச்சு."

அம்மை ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்பவும் கேக்குறேன். எம்மக அங்க மண்ணுக்குள்ள கிடக்கா. அவ எதுக்குப் போனாளோ அந்தத் தண்ணி இங்க ஓடுது. அவளைக் கொன்னவனை வாழ்த்திக்கிட்டே ஓடுறாங்க. இதுல நான் தெரிஞ்சுக்க வேண்டியது ஏதோ இருக்கணும். அதைச் சொல்லுங்க. என்னவா இருந்தாலும் தாங்கிக்கிறேன். இதுல எனக்கு என்ன பாடம்?"

அம்மை அவர் பக்கம் திரும்பினாள். அவள் கண்கள் சிவந்திருந்தன.

"பாடம் ஒண்ணும் இல்லை, சேந்தரே," என்றாள். "உம்ம மக செத்துப்போனா."